ஸ்லீப்பி ஹாலோ: பாலத்தைத் தாண்டிய பேயும் உடைந்த பரங்கிக்காயும்

ஏட்டுச்சுரைக்காய்:
வாஷிங்டன் இர்விங் எழுதிய ‘தி லெஜண்ட் ஆஃப் ஸ்லீப்பி ஹாலோ’ பற்றி வேறொரு இழையில் பேச்சு திசைமாறிப் போனதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். 1820ல் ‘ஸ்கெட்ச் புக்’ வரிசையின் ஆறாம் பகுதியில் வந்த மூலக்கதையை மட்டும் வைத்துக்கொள்வோம். சினிமாவும் டிவி தொடரும் வேறு கதை.

படிக்காதவர்களுக்கு நாலு வரி. நியூயார்க் மாநிலம், ஹட்சன் நதிக்கரை, டாரிடவுன் பக்கத்தில் டச்சுக்காரர்கள் குடியிருக்கும் ஒரு பள்ளத்தாக்கு. காலம் ஏறக்குறைய 1790. கனெக்டிகட்டிலிருந்து பிழைக்க வந்த இக்கபாட் கிரேன் என்ற வாத்தியார், பெரும்பண்ணைக்காரர் பால்டஸ் வான் டாசலின் ஒரே மகள் கத்ரீனாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார். உள்ளூர் முரடன் பிராம் வான் பிரண்ட்டுக்கும் அதே ஆசை. ஊர் அவனை பிராம் போன்ஸ் என்று கூப்பிடும். வான் டாசல் வீட்டு விருந்து முடிந்து நள்ளிரவில் திரும்பும் வாத்தியாரைத் தலையில்லாத குதிரைவீரன் துரத்துகிறான், தன் தலையை எறிகிறான். காலையில் வாத்தியார் இல்லை. தொப்பி கிடக்கிறது. பக்கத்தில் உடைந்த பரங்கிக்காய்.

என் கேள்வி இதுதான். அந்த வீரன் பிராம் போன்ஸ்தான் என்று சொல்ல கதைக்குள்ளேயே சாட்சி எவ்வளவு இருக்கிறது? கடைசியில் அவன் பரங்கிக்காய் பேச்சு வந்தாலே விழுந்து விழுந்து சிரிப்பான் என்று வருகிறதே, அதை விட்டுவிட்டுச் சொல்லுங்கள். அதுதான் எல்லோரும் சொல்லும் சாட்சி.

கூகை:
சிரிப்பைவிட வலுவான சாட்சி குளம்புத் தடம். மறுநாள் தேடிப் போனவர்கள் தேவாலயத்துக்குப் போகும் பாதையில், மிதிபட்டுக் கிடந்த சேணத்தைப் பார்க்கிறார்கள். பிறகு ஆழப் பதிந்த குளம்புத் தடங்களைப் பாலம்வரை பின்தொடர்கிறார்கள். மூலத்தில் ‘குதிரைகள்’ என்று பன்மை. வாத்தியார் ஏறிப் போனது கன்பவுடர் என்ற ஒற்றைக் குதிரை. மண்ணில் ஆழமாகப் பதியும் எடையுள்ள இன்னொரு குதிரை அங்கே ஓடியிருக்கிறது. இர்விங் இதைத் தனியாக எடுத்துக் காட்டுவதே இல்லை, போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.

இரண்டாவது சாட்சி பாலம். பலர் தவறாகப் படிக்கும் இடம் இது. ‘பேய் ஓடும் தண்ணீரைத் தாண்டாது, அதனால் பாலத்தைக் கடந்தால் வாத்தியார் தப்பிவிடுவார்’ என்று எழுதுகிறார்கள். கதையில் அப்படி ஒரு விதியே இல்லை. பேயாக அலைபவன் போரில் தலை போன ஒரு ஹெஸ்ஸியன், அதாவது ஜெர்மன் கூலிப்படைச் சிப்பாய் என்பது ஊர்க்கதை; அவனைப் புதைத்தது தேவாலயக் கல்லறையில். தேவாலயம் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆக, பேயின் வீடே அக்கரையில்தான். ஊர்க்கதை சொல்வது, அது பாலம் வந்ததும் மறைந்துவிடும் என்பதுதான். ப்ரூவர் என்ற ஊர்க் கிழவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், பாலத்தில் எலும்புக்கூடாகி, அவனை ஓடையில் தள்ளிவிட்டு மரங்களுக்கு மேலே பறந்தது. பிராமோடு பந்தயம் ஓடி, அதே பாலத்தில் தீப்பொறியாய் மறைந்தது.

இக்கபாட் நம்பியது இதைத்தான். அவர் தப்பிக்க ஓடுவது பேயின் கல்லறையை நோக்கி என்பது தனிக் கூத்து. பாலத்தைத் தாண்டிவிடுகிறார், பலகை தடதடக்கிறது, ஊர் விதிப்படி மறைந்துவிட்டதா என்று திரும்பிப் பார்க்கிறார். மறையவில்லை. அங்கவடியில் எழுந்து நின்று தலையை எறிகிறது. வாத்தியார் மண்ணில் விழுகிறார். கன்பவுடர், கறுப்புக் குதிரை, அதன் மேலிருந்தவன் மூன்றும் சூறாவளிபோல் அவரைக் கடந்து போகின்றன. அதாவது அந்த வீரனும் பாலத்தைத் தாண்டிவிட்டான். ஊர்க்கதையின் பேய் ஒருமுறைகூடச் செய்யாத காரியம் அது.

பின்னிருக்கை:
செம. ஆனா அந்தப் பரங்கிக்காய்ல கண்ணு மூக்கு செதுக்கி உள்ளே நெருப்பு எரியுமே, அதை வீசுறப்ப வாத்தியாருக்குத் தெரியாம இருக்குமா? ஹாலோவீன் ராத்திரிதானே?

ஏட்டுச்சுரைக்காய்:
ஹாலோவீன் என்ற சொல்லே கதையில் கிடையாது. இலையுதிர்காலம், வயலில் சோளம் முற்றி நிற்கும் சமயம், அவ்வளவுதான். விருந்தும் ஹாலோவீன் விருந்து இல்லை. அக்கம்பக்கத்தார் கூடி மெத்தைப் போர்வை தைத்து, தின்று, ஆடும் கூட்டம். செதுக்கிய முகமும் கிடையாது, நெருப்பும் கிடையாது. துரத்தும் காட்சியில் ‘பரங்கிக்காய்’ என்ற சொல்லே வராது, ‘தலை’ என்றுதான் வரும். மறுநாள் காலையில்தான் அந்த உடைந்த பரங்கிக்காய் தலைகாட்டுகிறது. எரியும் முகத்தை நம் கண்ணில் ஒட்டவைத்ததில் 1949ல் வந்த டிஸ்னி கார்ட்டூனுக்குப் பெரிய பங்குண்டு.

மணல்மேடு:
செய்முறையா யோசிச்சா, நெருப்பு வச்ச காயைத் தூக்கிட்டு நாலுகால் பாய்ச்சல்ல போகவே முடியாது. முதல் குலுக்கல்லயே அணைஞ்சிடும், இல்ல போர்வை பத்திக்கும்.

வித்தை எப்படி நடந்திருக்கும்னு கதையில இருக்கிற சாமானை மட்டும் வச்சுப் பாப்போம். ஆள் ராட்சச உயரம், போர்வைக்குள்ள மூடிக்கிட்டு இருக்கான்னு வருது. தோளுக்கு மேல, தலை உச்சியை மறைக்கிற மாதிரி போர்வையை இழுத்துக் கட்டினா கழுத்துக்கு மேல ஒண்ணும் இல்லாத மாதிரிதான் இருட்டுல தெரியும். அதோட தோள் வழக்கமான இடத்தைவிட ஒரு சாண் மேல ஏறிடும். ‘ராட்சச உயரம்’ எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா? தலை இல்லாதவன் குள்ளமால்ல தெரியணும். நிஜமாவே தலை போன ஆள் அரை முழம் குறைவாத்தான் இருப்பான்.

வாத்தியார் முதல்ல பாக்குறப்ப தலை இல்லைன்னு கண்டுபிடிக்கலை, அதையும் கவனிங்க. ஓடையோரம் மரநிழல்ல ஏதோ பெருசா கறுப்பா நிக்குதுன்னுதான் வருது. ‘யாரு நீ’ன்னு கேக்குறாரு, பதில் இல்லை. இவர் வேகமாப் போனா அதுவும் வேகமாப் போகுது, மெதுவாப் போனா அதுவும் மெதுவா வருது. ரெண்டு பேரும் ஒரு மேட்டுல ஏறுறப்ப வானத்தைப் பின்னணியா வச்சு உருவம் தெரியுது, அப்பதான் கழுத்துக்கு மேல காலி, தலை சேணத்து முன்கொம்புல இருக்கு. வேஷம் போட்டவனுக்கு இந்த மேடுதான் மேடை. மேட்டுக்கு வர்ற வரைக்கும் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு வந்ததுக்கு அதுதான் காரணம்.

எறியிறது. மனுசத் தலை அளவுக் காய் மூணு நாலு கிலோ வரும். ஓடுற குதிரையில உக்காந்தபடி அதை ஒத்தைக் கையால எறிஞ்சா போய்ச் சேராது. அங்கவடியில எழுந்து நின்னு, இடுப்பைத் திருப்பி எறியணும். அப்படியேதான் எழுதியிருக்காரு. பின்னால வர்றவன் முன்னால போறவன் மேல எறியிறதால குதிரை வேகமும் காயோட சேரும். பிராமுக்குக் குதிரை ஏறுறதுல தாத்தாரியன்ங்கற ஆசியக் குதிரைவீரன் அளவுக்குத் திறமைன்னு முன்னாடியே சொல்லி வச்சிருக்கிறது சும்மா இல்லை.

கூகை:
உயரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அருமை. ஒன்று சேர்க்கிறேன்: குதிரை. பிராம் விருந்துக்கு வந்தது டேர்டெவில் என்ற துடியான குதிரையில், அவனைத் தவிர யாருக்கும் அடங்காதது.

இன்னொன்று, பொறி எப்போது வைக்கப்பட்டது? அதே ராத்திரி விருந்தில். ஆட்டம் முடிந்து கிழவர்கள் திண்ணையில் புகைத்துக்கொண்டு சண்டைக்கதையும் பேய்க்கதையும் சொல்கிறார்கள். வாத்தியாரும் காட்டன் மேதர் என்ற பாதிரியார் எழுதிய சூனியக் கதைகளை எடுத்துவிட்டு, ராத்திரி நடையில் தான் பார்த்த பயங்கரங்களையும் சொல்கிறார். எதற்குப் பயப்படுவார் என்று அவரே பட்டியல் போட்டுக் கொடுத்தமாதிரி. பிராம் தன் பந்தயக் கதையைச் சொல்வதும் அந்தக் கூட்டத்தில்தான். ப்ரூவர் சொன்ன பாலம் பிராம் வாயாலும் உறுதியாகிறது. சில மணி நேரத்தில் வாத்தியார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பாலத்தை நோக்கி ஓடுகிறார்.

சாளரம்:
நீங்கள் எல்லோரும் குதிரைக்குப் பின்னாலேயே ஓடுகிறீர்கள். இந்தக் கதையில் உண்மையான மர்மம் தலையில்லாதவன் இல்லை, கத்ரீனா. பேய் யார் என்பதற்குத் தடம், சேணம், காய், சிரிப்பு என்று நாலு சாட்சி வைத்த இர்விங், கத்ரீனா என்ன சொன்னாள் என்பதற்கு ஒன்றுகூட வைக்கவில்லை.

விருந்தாளிகள் கிளம்புகிறார்கள். இக்கபாட் பின்தங்குகிறார், கத்ரீனாவோடு தனியாகப் பேச. அந்த உரையாடலில் என்ன நடந்தது என்று தனக்குத் தெரியாது என்கிறான் கதைசொல்லி. கொஞ்ச நேரத்தில் வாத்தியார் தொங்கிய முகத்தோடு வெளியே வருகிறார். வாத்தியாருக்கு அவள் இடம் கொடுத்தது பிராமைப் பிடித்துப்போடும் பாசாங்குதானா என்று கேட்டுவிட்டு, கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்று நழுவிவிடுகிறான். வழியில் மரத்தடி இருட்டுக்குள் வாத்தியாரின் பல் தந்தியடிப்பது வரைக்கும் தெரிந்த கதைசொல்லிக்கு, விளக்கெரியும் கூடத்தில் நடந்தது தெரியாதாம்.

இதைக் காதல் போட்டி என்று சொல்வதிலும் எனக்குத் தயக்கம். இக்கபாட் பண்ணையைப் பார்க்கும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். பன்றிக்குட்டி வயிற்றில் புட்டிங்கும் வாயில் ஆப்பிளுமாக ஓடுகிறது, புறா மாவுப் போர்வைக்குள் படுத்திருக்கிறது, வாத்து தன் குழம்பிலேயே நீந்துகிறது. உயிரோடு இருக்கும் எதையும் அவரால் சமைக்காமல் பார்க்க முடியவில்லை. கத்ரீனாவின் முதல் வர்ணனையைப் பாருங்கள்: கவுதாரிபோல் கொழுத்தவள், அப்பா தோட்டத்துப் பீச் பழம்போல் கனிந்தவள். அவளும் அதே சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறாள்.

அதற்கப்புறம்? பண்ணையை விற்றுக் காசாக்கி, மேற்கே காட்டுநிலம் வாங்கி, கத்ரீனாவையும் ஒரு வண்டி பிள்ளைகளையும் தட்டுமுட்டுச் சாமானோடு ஏற்றிக்கொண்டு கென்டக்கியோ டென்னஸியோ போவதாகக் கனவு. தலைமுறை தலைமுறையாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் டச்சு ஊருக்கு இதைவிடப் பெரிய பேய் எது? விரட்டப்படுவது மாப்பிள்ளைப் போட்டியில் தோற்றவர் மட்டுமில்லை, நிலத்தை விற்கப் பார்த்த அசலூர்க்காரரும்தான்.

பின்னிருக்கை:
வாத்தியார் பாவம்ங்க. கொஞ்சமாவது லவ் இருந்திருக்கும்ல? கவிதைகூட எழுதினாரே.

சாளரம்:
எழுதினார். அது எப்படி வெளியே வருகிறது என்று பாருங்கள். அவர் காணாமல் போனபிறகு அவருக்குக் குதிரை இரவல் கொடுத்த வீட்டுக்காரர் ஹான்ஸ் வான் ரிப்பர் மூட்டையைச் சோதிக்கிறார். இரண்டரைச் சட்டை, இரண்டு கழுத்துத்துணி, ஒன்றிரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, பழைய கார்டுராய் கால்சட்டை, துருப்பிடித்த சவரக்கத்தி, ஓரம் மடங்கிய சங்கீதப் புத்தகம், உடைந்த சுருதிக்குழல். இவற்றோடு, பள்ளிக்கூடத்தில் காட்டன் மேதரின் சூனிய வரலாறு, ஒரு பஞ்சாங்கம், கனவுக்கும் குறிசொல்லவும் ஒரு புத்தகம். அந்தக் கடைசிப் புத்தகத்துக்குள் ஒரு தாள், கத்ரீனா பேரில் செய்யுள் எழுதப் பார்த்து அடித்துத் திருத்தி மசியாய்க் கிடக்கிறது. பல முயற்சி. ஒன்றுகூடத் தேறவில்லை. வான் ரிப்பர் மந்திரப் புத்தகங்களையும் அந்தத் தாளையும் சேர்த்து அடுப்பில் போடுகிறார். படிப்பால் எந்த நன்மையும் வந்ததாகத் தெரியவில்லை என்று தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதையும் நிறுத்திவிடுகிறார்.

அந்த அரைச் சட்டைக்கு மட்டும் நான் இரக்கப்படுவேன்.

அச்சுக்கோப்பான்:
மூலங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. இர்விங் இதை எழுதியது அமெரிக்காவில் இல்லை, இங்கிலாந்தில். குடும்ப வியாபாரம் 1818ல் திவாலாகி, பேனாவை நம்பிப் பிழைக்கவேண்டிய நிலை. அதற்கு முந்தைய வருஷம் ஸ்காட்லாந்தில் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் வீட்டில் சில நாள் தங்கியிருந்தார். ஜெர்மன் நாட்டார்கதைகளைப் படிக்கச் சொல்லி ஊக்குவித்தவர் ஸ்காட்.

அந்தப் படிப்பு இந்தக் கதையில் நேராகவே தெரிகிறது. மூசயஸ் என்பவர் 1780களில் தொகுத்த ஜெர்மன் கதைகளில் ரூபெட்சால் என்ற மலைப்பூதத்தின் கதைகள் உண்டு. ஒன்றில், சீமாட்டி ஒருத்தியின் வண்டிக்கு முன்னால் தலையில்லாத ஒருவன் வருகிறான், தன் தலையை வண்டிக்காரன்மேல் எறிகிறான். பிறகு பார்த்தால் அது குடைந்தெடுத்த பரங்கிக்காய். உள்ளே மணலும் கல்லும். ஆள் வேஷக்காரன்.

பாலத்துக்கு நெருங்கிய சொந்தம் ராபர்ட் பர்ன்ஸின் ‘டாம் ஓ ஷான்ட்டர்’. கூகை சொன்ன ‘ஓடும் தண்ணீரைத் தாண்டாது’ என்ற விதி அங்கேதான் இருக்கிறது. சூனியக்காரிகள் டூன் நதிப் பாலத்தின் நடுக்கல்வரைதான் துரத்த முடியும், குதிரையின் வால் மட்டும் அவர்கள் கையோடு போகும். அந்தக் கவிதையை மனதில் வைத்துக்கொண்டு இர்விங்கைப் படிப்பவர்கள் இரண்டு பாலத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அமெரிக்க மண்ணிலிருந்து சேர்ந்தது சுதந்திரப் போர். ஹெஸ்ஸியன்கள் என்றால் பிரிட்டிஷ் அரசு கூலிக்கு அமர்த்திய ஜெர்மன் படையாட்கள். வொயிட் பிளெயின்ஸ் சண்டை 1776 அக்டோபர் 28. அதையொட்டிய நாட்களில் அமெரிக்கப் பீரங்கிக் குண்டு ஒரு ஹெஸ்ஸியனின் தலையைக் கொண்டுபோனதாக ஜெனரல் வில்லியம் ஹீத் 1798ல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் இருக்கிறது. அவன் குதிரைப்படையாள் இல்லை, பீரங்கிப்படையாள். இர்விங் எந்தச் சண்டை என்று சொல்லாமல், பேர் தெரியாத ஏதோ ஒரு சண்டை என்று விட்டுவிட்டார்.

வாத்தியார் அந்த உருவத்தை முதலில் பார்க்கும் ஓடைக்கும் சரித்திரம் உண்டு. அமெரிக்க ஜெனரல் பெனடிக்ட் ஆர்னால்டின் துரோகத்துக்குத் தூது போன பிரிட்டிஷ் மேஜர் ஜான் ஆந்த்ரே 1780 செப்டம்பர் 23 அன்று டாரிடவுனில் பிடிபட்டார், அக்டோபர் 2 அன்று தூக்கு. கதையில் ஆந்த்ரே மரம் என்ற பெரிய டியூலிப் மரம் முதலில் வருகிறது, அங்கிருந்து இருநூறு கஜத்தில் அந்த ஓடை. பிராம் அங்கே காத்திருந்தான் என்றால் இடம் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவன். வாத்தியார் மரத்தடியிலேயே பாதி செத்துவிடுகிறார்.

மணல்மேடு:
அச்சுக்கோப்பான் சொன்னதுல ஒண்ணு முக்கியம். ஜெர்மன் கதையில வேஷக்காரன்னு உடைச்சுச் சொல்லிடுறாங்க. இர்விங் அந்தக் காயை எடுத்துக்கிட்டு விளக்கத்தை விட்டுட்டாரு. கதை இத்தனை வருஷம் நிக்கிறது அந்த ஒரு வெட்டுலதான். காய் குடைஞ்சதா, கல்லு போட்டதான்னுகூட சொல்லலை, உடைஞ்சு கிடந்ததுங்கறதோட முடிச்சுட்டாரு.

பின்னிருக்கை:
சரி, வாத்தியார் செத்தாரா இல்லையா? இணையத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கூகை:
கதையில் மூன்று பதில் இருக்கிறது, மூன்றையும் யார் சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். ஊர்க்கூட்டம், ஹெஸ்ஸியன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று முடிவு கட்டுகிறது. கல்யாணமாகாதவர், யாருக்கும் கடன் பாக்கி வைக்காதவர், அதனால் அதற்குமேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இந்த வரிதான் கதையிலேயே கொடூரமான வரி என்பேன்.

சில வருஷம் கழித்து நியூயார்க் போய்வந்த ஒரு கிழக் குடியானவர், இக்கபாட் உயிரோடு இருக்கிறார் என்கிறார். பேய்க்கும் வான் ரிப்பருக்கும் பயந்தும், கத்ரீனா கழற்றிவிட்ட அவமானத்தாலும் ஊரைவிட்டுப் போய், பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டே சட்டம் படித்து, வக்கீலாகி, அரசியலில் இறங்கி, தேர்தல் வேலை பார்த்து, பத்திரிகையில் எழுதி, கடைசியில் பத்து பவுண்டு கோர்ட்டில் நீதிபதியாகிவிட்டாராம். சின்னத் தொகை வழக்குகளுக்கான கீழ்மட்டக் கோர்ட் அது. வருடக்கணக்கில் ஏறி அவர் போய்ச் சேர்ந்த உயரம் அவ்வளவுதான். இர்விங்கின் குசும்பு.

மூன்றாவது, ஊர்க் கிழவிகள். இந்த விஷயங்களுக்கு அவர்கள்தான் தகுந்த நீதிபதிகள் என்கிறான் கதைசொல்லி. அவர்கள் தீர்ப்பு: மாயமாகத்தான் போனார். பாழடைந்த பள்ளிக்கூடத்தில் இப்போது வாத்தியாரின் பேய் சங்கீதம் பாடுகிறது. பேயைக் கண்டு ஓடியவர் ஊருக்குப் பேயாகிவிட்டார்.

நான் இரண்டாவதை நம்புகிறேன், ஒரு சின்னக் கணக்குக்காக. காணாமல் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்புதான் காலாண்டுச் சம்பளம் வாங்கியிருந்தார். மூட்டையில் பணம் இல்லை. வான் ரிப்பரே, பணம் ஆளிடம்தான் இருந்திருக்கவேண்டும் என்று முடிவு செய்கிறார். ஆளும் பணமும் சேர்ந்து போனால் அதற்குப் பேர் ஊரைவிட்டுப் போவது.

சாளரம்:
கூகை, அந்தக் குடியானவர் சாட்சியை நம்புவதற்கு முன் கதையின் வாலைப் பாருங்கள். இது நிக்கர்பாக்கர் என்ற செத்துப்போன கிழவரின் காகிதங்களில் கிடைத்ததாம். அவர் இதை நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில், நைந்துபோன உடுப்புப் போட்ட ஒருவர் சொல்லக் கேட்டாராம். பின்குறிப்பில், இதன் நீதி என்ன என்று புருவம் உயர்த்திக் கேட்கும் பெரியவருக்கு அந்த ஆள் ஒரு அபத்தமான தர்க்கம் சொல்கிறார்: பணக்கார டச்சுப் பெண் வேண்டாமென்று சொன்னால் கிராமத்து வாத்தியாருக்கு அரசாங்கத்தில் பதவி உயர்வு நிச்சயம். பெரியவர் இன்னும் சந்தேகப்பட, ‘இதில் பாதியை நானே நம்பவில்லை’ என்று முடிக்கிறார். எந்தப் பாதி என்று சொல்லவில்லை.

இன்னொரு விஷயம், யாரும் தொடாதது. விருந்துக்கு அழைப்பு கொண்டுவருபவர் ஒரு கறுப்பினத்தவர். ஆட்டத்துக்குப் பிடில் வாசிப்பவர் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த வட்டாரத்துக்கே வாத்தியமாக இருக்கும் நரைத்த கறுப்பினத்தவர். கதவோரமும் ஜன்னலோரமும் நின்று வாத்தியார் ஆடுவதைப் பார்த்துச் சிரிப்பவர்களும் அவர்களே. ஒருவருக்கும் பேர் இல்லை. செத்த பேய்க்கும் கிழக் குதிரைக்கும் அடையாளம் இருக்கிற கதை இது. நியூயார்க்கில் படிப்படியான விடுதலைச் சட்டமே 1799ல்தான் வந்தது, முழு விடுதலை 1827ல். அதாவது கதை நடக்கும் காலத்திலும் கதை அச்சான காலத்திலும் அங்கே அடிமைமுறை இருந்தது. வான் டாசல் வீட்டு மேசை நிரம்பியதற்கு அவர்கள் கையும் காரணம். வர்ணனையில் கேக் வகைகளுக்குக் கிடைத்த இடத்தைவிட அவர்களுக்குக் கிடைத்தது குறைவு.

ஏட்டுச்சுரைக்காய்:
சாளரம் சொன்னதற்குப் பதில் இல்லை. அந்த வர்ணனையும் இன்று படிக்கச் சங்கடம் தருவதுதான்.

இழை ஓய்வதற்குள் மொழிபெயர்ப்புக் கேள்வி ஒன்று. தமிழில் இதைச் செய்தால் தலைப்பு என்ன? ‘உறங்கும் பள்ளத்தாக்கு’ என்றால் பழைய சரித்திர நாவல்போல் கம்பீரமாகிவிடுகிறது. மூலத்தில் கேலி இருக்கிறது. ‘தூங்குமூஞ்சிப் பள்ளம்’ என்றால் கேலி வந்துவிடும், மயக்கம் போய்விடும்.

அச்சுக்கோப்பான்:
தலைப்பைவிடப் பெரிய கண்ணி காயில் இருக்கிறது. ‘உடைந்த பூசணிக்காய்’ என்று எழுதினால் தமிழ் வாசகர் மனதில் முதலில் தோன்றுவது திருஷ்டி. ஆயுத பூஜைக்கு மறுநாள் நம் தெருவெல்லாம் உடைந்த பூசணிதான். யாரோ கண்ணேறு கழித்துப் போட்டிருக்கிறார்கள் என்று தாண்டிப் போய்விடுவோம், தடயமாகவே படாது. போதாததற்கு வாத்தியார் பேய்க்குப் பயந்தவர் வேறு. கதை தலைகீழாகிவிடும். திருஷ்டிக்கு உடைப்பது சாம்பல் பூசணி. இர்விங்கின் காய் மஞ்சள். ‘பரங்கிக்காய்’ என்று போட்டால் சமையல்கட்டு நினைவுதான் வரும், அதுதான் வேண்டும். பண்ணையில் விளைந்த சாதாரணக் காய், விருந்தில் பணியாரமாகவும் வந்த காய்.

‘தலையில்லாக் குதிரைவீரன்’ என்பதிலும் சிக்கல். தலை குதிரைக்கு இல்லையா, வீரனுக்கா? ‘குதிரையேறிய முண்டம்’ துல்லியம். ஆனால் ‘முண்டம்’ இன்று வசவாகிவிட்டதால் சிரிப்பு வரும். இந்தக் கதைக்கு அது குறை இல்லை என்றும் வாதிடலாம்.

பேர்கள்: கிரேன் என்றால் கொக்கு. ஒல்லியான உடம்பு, மண்வெட்டிப் பாதம், பெரிய காது, உள்ளான் மூக்கு என்று வர்ணனையே பறவைதான். ஊர்ப் பிள்ளைகள் வாயில் ‘கொக்கு வாத்தியார்’ என்று ஓரிடத்தில் போட்டால் போதும். இக்கபாட் நம் வேதாகமத்தில் இக்கபோத். சாமுவேலின் முதல் புத்தகம், நாலாம் அதிகாரம். மகிமை போயிற்று என்று பொருள். சங்கீதம் பாடக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் என்பதில் நமக்கு ஒரு லாபம்: ‘சங்கீதம்’ என்ற சொல் தமிழில் வேதாகமப் பாட்டுக்கும் பொதுவான இசைக்கும் பொருந்தும். பிராம் ஒரு நாயை ஊளையிடப் பழக்கி, கத்ரீனாவுக்குச் சங்கீதம் சொல்லித்தர வாத்தியாருக்குப் போட்டி என்று கொண்டுவருகிறானே, அங்கே இரண்டு பொருளும் வேலை செய்யும்.

பின்னிருக்கை:
கடைசியா ஒண்ணு. துரத்தறப்ப சேணத்தோட வார் விட்டுப்போச்சே, அது பிராம் விருந்து நேரத்துல லாயத்துக்குப் போய் அறுத்து வச்சதா? அவன் ஆட்டத்துல சேராம மூலையில உக்காந்திருந்தான்னு வருதே.

மணல்மேடு:
மூலையில உக்காந்து பொருமிக்கிட்டு இருந்தான், வெளிய போனதா இல்லை. கத்தி வச்சதுக்கும் சாட்சி இல்லை, அறுத்திருந்தா மறுநாள் சேணத்தை மீட்ட வான் ரிப்பர் சும்மா விட்டிருப்பாரா? அவரோட ஞாயித்துக்கிழமைச் சேணம் அது, வாத்தியாரோட சேர்த்து அதுக்கும்தான் கவலைப்பட்டாரு.

காரணம் லாயத்துலயே இருக்கு. கத்ரீனாகிட்ட அடிவாங்கி வந்த வாத்தியார் நேரா லாயத்துக்குப் போறாரு. கன்பவுடர் சோளமும் ஓட்ஸும் கனாக் கண்டுக்கிட்டு நல்லாத் தூங்குது. குத்தி உதைச்சு எழுப்பிக் கிளப்புறாரு. குதிரைக்கு வார் இறுக்குறப்ப அது வயித்தை உப்பிக்கும், கொஞ்ச தூரம் நடந்தப்புறம் இறங்கி இன்னொரு தரம் இழுத்துக் கட்டணும். கிழக்குதிரைன்னா கட்டாயம். வாத்தியாருக்குக் குதிரை இரவல், சேணம் இரவல். முட்டி சேணத்து முன்கொம்பு வரைக்கும் வர்ற மாதிரி அங்கவடியைக் குட்டையா வச்சு, முழங்கை வெட்டுக்கிளிக் கால் மாதிரி துருத்திக்கிட்டு உக்காந்து வந்தவரு. அவர் எங்க இறங்கி வாரைப் பாத்திருக்கப் போறாரு.